நாமா, நாங்களா?

குழந்தைக்கு இடும் பெயரில் பெற்றோரின் விருப்பம் ஒளிந்திருக்கும். ஓவியத்திற்கு இடும் பெயரிலோ, சில வேளைகளில், ஓவியனின் சினம் ஒளிந்திருக்கும். அத்தகைய பெயர் தாங்கிய ஓவியம் ஒன்றைக் குறித்து வாசகர்களோடு சற்றே சிந்திக்க விழைகிறோம்.

இங்கிலாந்தின் பால் நாஷ் 1918-ஆம் ஆண்டில் தீட்டிய ஓவியம் அது. இலண்டன் இம்பீரியல் வார் மியூசியத்தில் இன்று உள்ளது. ஏறத்தாழ 71 சென்டிமீட்டர் உயரமும் 91 சென்டிமீட்டர் அகலமும் உடைய எண்ணெய் வண்ண ஓவியம். அசலைக் காணும் வாய்ப்பு நமக்குக் கிட்டியதில்லை. நூலொன்றின் வண்ணப் பக்கத்தில்தான் அதைக் கண்டோம். கண்ட பின்னர் அப்பக்கத்தை எளிதில் திருப்ப இயலவில்லை.

ஓவியத்தில் மனிதர் எவரும் இல்லை. படைக்கருவி இல்லை; பிணமும் இல்லை. முன்புறம் முழுவதும் மண்மேடுகள். கல்லறைக் குவியல்களோ, உறைந்துபோன கடலலைகளோ என ஐயுறும் வண்ணம் அவை ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கின்றன. அவற்றிடையே இலையும் கிளையும் இழந்த மரங்கள், எரிந்த திரிகளைப்போல் நிற்கின்றன. அவற்றுக்கு அப்பால் உலர்ந்த குருதியின் நிறத்தில் ஒரு மேகத்திரள். அம்மேகத்தின் மேல் விளிம்பில் வெண்ணிறக் கதிரவன் எழுந்து, தன் கதிர்களை இப்பாழ்நிலத்தின்மீது செலுத்துகிறான். 'புதிய உலகம் ஒன்றை உருவாக்கிக்கொண்டிருக்கிறோம்' என்பதே நாஷ் இதற்குச் சூட்டிய ஆங்கிலப் பெயரின் பொருள்.

பெயரைப் படித்துவிட்டு மீண்டும் படத்தை நோக்கினால் நெஞ்சு கனக்கிறது. 'இதுவா புதிய உலகம்?' என்று கேட்கத் தோன்றுகிறது. அடுத்து, அதைவிடக் கடினமான வினா ஒன்று எழுகிறது: உருவாக்கிக்கொண்டிருக்கிறோம் என்று சொல்பவர் யார்?

இவ்வினாவிற்கு விடை தேடுமுன், ஓவியரை அறிந்துகொள்வது நலம்.

பால் நாஷ் 1889-ஆம் ஆண்டு மே 11-ஆம் நாள் இலண்டனில் பிறந்தவர். பக்கிங்காம்ஷயரின் ஐவர் ஹீத் என்னும் சிற்றூரில் வளர்ந்தவர். இளமையிலேயே மரங்கள் அவரை ஆட்கொண்டன. மரங்களை மனிதர்களாகவே எண்ணித் தீட்ட முயல்வதாகத் தம் நண்பர் ஒருவருக்கு அவர் எழுதியதுண்டு. இலண்டனின் ஸ்லேட் கலைப்பள்ளியில் சிறிது காலம் பயின்றார். இயற்கைக் காட்சிகளை நீர்வண்ணத்திலும் மையிலும் வரையும் அமைதியான இளைஞராகவே அவரைக் கலையுலகம் அறிந்திருந்தது.

1914-இல் முதல் உலகப் போர் மூண்டது. அவ்வாண்டு செப்டம்பரில் நாஷ் படையில் சேர்ந்தார். டிசம்பரில் மார்கரெட் என்னும் பெண்ணை மணந்தார். தொடக்கத்தில் உள்நாட்டுப் பணியிலேயே இருந்த அவர், பின்னர் ஹாம்ப்ஷயர் படைப்பிரிவில் இரண்டாம் லெப்டினன்ட் ஆனார். 1917-ஆம் ஆண்டு பிப்ரவரியில் பெல்ஜிய நாட்டின் ஈப்பர் நகரை அடுத்த போர்முனைக்கு அனுப்பப்பட்டார். அவ்வேளையில் அங்கே ஓரளவு அமைதி நிலவியது. இளவேனிற்காலமும் வந்தது. குண்டுகளால் குலைந்த காட்டில் மீண்டும் பசுந்தளிர் அரும்புவதைக் கண்டு அவர் வியந்தார். பதுங்குகுழிகளின் விளிம்பில் பூத்த செடிகளைப் பற்றி மனைவிக்கு மகிழ்ச்சியோடு எழுதினார். எத்துணை இடர் நேரினும் இயற்கை தன்னைத்தானே ஆற்றிக்கொள்ளும் என்ற நம்பிக்கை அவருக்கு அப்போது இருந்தது.

மே 25-ஆம் நாள் இரவு, இருளில் ஒரு பதுங்குகுழிக்குள் தவறி விழுந்தார். விலா எலும்பு முறிந்தது. சிகிச்சைக்காகத் தாயகம் அனுப்பப்பட்டார். சில நாட்களில் அவருடைய பிரிவினர் 60-ஆம் குன்று என்னும் இடத்தருகே நடந்த தாக்குதலில் ஈடுபடுத்தப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் மாண்டனர். இடறி விழுந்ததால் ஒருவர் உயிர் பிழைத்தார், இடறாதவர்கள் மடிந்தனர். இதை இறைவனின் திருவுளம் என்று எளிதில் சொல்லிவிட நம் நா எழவில்லை. பிழைத்தவருக்கு அது திருவுளமெனில், மடிந்தவரின் தாய்க்கு அதை எவ்வாறு எடுத்துரைப்பது?

அவ்வாண்டு ஜூலை 31-ஆம் நாள், மூன்றாம் ஈப்பர் போர் தொடங்கியது. அதன் இறுதிக்கட்டம் நடந்த சிற்றூரின் பெயரால் பாசன்டேல் போர் என்றும் அதனை வழங்குவர். தாக்குதலுக்கு முன்னதாக மட்டும் 40 இலட்சத்திற்கும் மேற்பட்ட பீரங்கிக் குண்டுகள் அந்நிலத்தில் பொழியப்பட்டன. அது களிமண் பூமி. நீர் வடிய நெடுங்காலமாக வெட்டிப் பேணப்பட்ட கால்வாய்களால்தான் அங்கே வேளாண்மை நடந்து வந்தது. குண்டுகள் அவ்வடிகால்களைச் சிதைத்தன. ஆகஸ்டில் மழை வழக்கத்திற்கு மாறாக ஓயாது பெய்தது. குழிகள் குளங்களாயின, வயல்கள் சேற்றுக்கடலாயின. காயமுற்று விழுந்தவர்கள் சேற்றிலேயே மூழ்கி இறந்தனர். நவம்பர் 10-ஆம் நாள் போர் ஓய்ந்தபோது, சில கிலோமீட்டர் நிலத்திற்காக இரு தரப்பிலும் இலட்சக்கணக்கானோர் மாண்டும் காயமுற்றும் இருந்தனர்.

உடல்நலம் தேறிய நாஷ், இந்தப் போரின் இறுதி நாட்களில் மீண்டும் அங்கே சென்றார். இம்முறை படையணியின் அலுவலராக அன்று. அரசு அமர்த்திய போர்க்கால ஓவியராக. ஆறேழு மாதங்களுக்கு முன் தளிர் விட்டுக்கொண்டிருந்த காடு அங்கே இல்லை. தாம் கண்டதை நவம்பர் மாதத்தில் மனைவிக்கு எழுதினார். காட்சிகளை ஆர்வத்தோடு நோக்கும் கலைஞனாகத் தாம் இனி இல்லை என்றும், போரிடுவோரிடமிருந்து, போர் என்றென்றும் தொடர வேண்டும் என விரும்புவோருக்குச் செய்தி கொண்டுசெல்லும் தூதுவனாகிவிட்டதாகவும் அக்கடிதத்தில் குறிப்பிட்டார். தம் செய்தி தெளிவற்றதாக இருப்பினும் அதில் கசப்பான உண்மை ஒன்று இருக்கும் என்றும் எழுதினார். கிடைத்த தாளில் சுண்ணக்கோலும் மையும் கொண்டு விரைந்து வரைந்தார். சேற்றில் நின்று வரைந்த அப்படங்களோடு தாயகம் திரும்பினார்.

அப்படங்களுள் ஒன்றுதான் நாம் குறிப்பிடும் ஓவியத்திற்கு மூலம். 'கதிரவன் எழுகை: இன்வர்னஸ் சோலை' என்பது அதன் பெயர். இன்வர்னஸ் என்பது ஸ்காட்லாந்து நகரின் பெயர்; பெல்ஜிய மண்ணின் சோலைக்குப் பிரித்தானியப் படையினர் தம் வரைபடத்தில் இட்ட பெயர் அது. அதே காட்சியை 1918-இல் எண்ணெய் வண்ணத்தில் தீட்டியபோது, நாஷ் அந்த இடப்பெயரை நீக்கினார். எண்ணெய் வண்ணத்தில் அவர் தீட்டிய முதற்படைப்புகளுள் அது ஒன்று. போர்முனை ஓவியர்களைப் பற்றி அரசு சார்பில் வெளியான தொகுப்பு ஒன்றின் அட்டையில் அது பெயரின்றியே அச்சாகியது. அவ்வாண்டு மே மாதத்தில் இலண்டனின் லெஸ்டர் காட்சிக்கூடத்தில் அவருடைய கண்காட்சி நடந்தபோதுதான், மக்கள் அதை அதன் கசப்பான பெயரோடு கண்டனர். ஓர் ஊரின் ஒரு சோலைக்கு உரிய பெயரை எடுத்துவிட்டு, உலகம் முழுமைக்கும் உரிய பெயரை ஓவியர் சூட்டினார்.

இனி நம் வினாவிற்கு வருவோம். ஆங்கிலத்தில் தன்மைப் பன்மைக்கு ஒரே சொல்தான் உண்டு. கேட்பவரைச் சேர்த்துச் சொன்னாலும் அதே சொல். விலக்கிச் சொன்னாலும் அதே சொல். தமிழோ இவ்விரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது. 'நாம்' என்றால் கேட்பவரும் அதனுள் அடங்குவார். 'நாங்கள்' என்றால் கேட்பவர் வெளியே நிற்பார். எனவே இந்த ஓவியத்தின் பெயரைத் தமிழாக்க முனைபவர், ஆங்கிலேயருக்கு நேராத ஒரு நெருக்கடியில் சிக்குகிறார். 'நாங்கள் உருவாக்கிக்கொண்டிருக்கிறோம்' என்பதா? அவ்வாறாயின், வரைபடத்தின்மீது விரல் வைத்துத் தாக்குதலுக்கு ஆணையிட்ட தளபதிகளும் தலைவர்களும் பேசுகிறார்கள். அவர்களுடைய வீறாப்பான சொற்களையே எடுத்து ஓவியர் அவர்கள் முகத்திற்கு நேரே காட்டுகிறார். நாமோ வெளியே நின்று, 'ஐயோ பாவம்' எனச் சொல்லிவிட்டு அகலலாம். 'நாம் உருவாக்கிக்கொண்டிருக்கிறோம்' என்பதா? அவ்வாறாயின் குண்டு செய்தவரும், அதற்கு வரி கட்டியவரும், வெற்றிச் செய்தியை நாளேட்டில் படித்து மகிழ்ந்தவரும், சீருடை அணிந்து அங்கே நின்ற ஓவியரும், ஒரு நூற்றாண்டு கடந்து அப்படத்தை நோக்கும் நீங்களும் நாமும் அதனுள் அடங்குகிறோம். எழுவாயை விட்டுவிட்டு வினைமுற்றை மட்டும் எழுதித் தப்பித்துக்கொள்ளவும் தமிழில் வழி உண்டு. மேலே நாம் அவ்வாறே எழுதினோம். ஆனால் மனச்சான்று அவ்வளவு எளிதில் விடுவதில்லை.

சென்ற தவக்காலத்து வெள்ளி ஒன்றில், சிலுவைப்பாதைக்குப் பின் நடந்த அன்பியக் கூட்டத்தில், இவ்வோவியத்தின் வண்ணப்படியை மக்கள் கையில் கொடுத்தோம். பெயரைச் சொல்லாமல், 'என்ன காண்கிறீர்கள்?' என்று மட்டும் கேட்டோம். உபதேசியார் முதலில் எழுந்தார். 'இருள் எவ்வளவு இருந்தாலும் சூரியன் உதிக்கும். இது உயிர்ப்பின் அடையாளம்' என்றார். அழகான சிந்தனைதான், பலரும் தலையசைத்தனர். அதன்பின் படம் ஒரு மூதாட்டியின் கைக்குச் சென்றது. 1990-இல் மன்னாரிலிருந்து கைக்குழந்தையோடு படகேறி வந்தவர் அவர். நம் பங்கின் எல்லையில் உள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் வாழ்பவர். நெடுநேரம் பார்த்தார்.

"இது ஷெல் விழுந்த மரமெல்லோ, சுவாமி? வெட்டின மரம் இப்பிடி இராது. எங்கட ஊர்ப் பனையளும் இப்பிடித்தான் வட்டில்லாமல் நின்டது" என்றார்.

உபதேசியார் மென்மையாக, "ஆனா பாட்டி, விடியுதே!" என்றார்.

"விடியிறதுதான் தம்பி எங்களுக்குப் பயம். இருட்டுக்கை சத்தம் மட்டுந்தான் கேக்கும். விடிஞ்சாப் பிறகுதானே ஆர் இருக்கினம், ஆர் இல்லையெண்டு தெரியும்."

அவையில் எவரும் பேசவில்லை. நாமும் பேசவில்லை. 'அருள்நிறை மரியே' செபத்தை அவரே தொடங்கினார். அனைவரும் சேர்ந்து சொன்னோம்.

நாஷின் வெண்சூரியனுக்கு அம்மூதாட்டி தந்த விளக்கத்தைவிடச் சிறந்ததை எந்த நூலிலும் நாம் கண்டதில்லை. அக்கதிரவன் ஆறுதல் கூற எழவில்லை. இரவு போர்த்தி வைத்திருந்ததை வெளிச்சத்திற்குக் கொண்டுவரவே எழுகிறான். முதலில் தெரிய வேண்டியது தெரிந்தாக வேண்டும். வாரத்தின் முதல் நாள் விடியற்காலையில் கல்லறைக்குச் சென்ற பெண்களை நினைத்துப் பார்ப்போம். அவர்கள் கையில் இருந்தவை நறுமணப் பொருட்கள். உடலுக்குப் பூச எடுத்துச் சென்றவை. விடியலைக் கண்டு அவர்கள் மகிழவில்லை. தம் இழப்பை வெளிச்சத்தில் காணவே சென்றனர். உயிர்ப்பு என்பது கதிரவன் தந்த கொடை அன்று; இறைவன் தந்த கொடை. காலைக் கதிரையும் உயிர்ப்பையும் ஒன்றெனக் கொள்வோமானால், நேற்று நடந்ததைக் காணாமலேயே நாளையைக் கொண்டாடத் தொடங்கிவிடுவோம்.

மூன்றாம் ஈப்பர் போர் தொடங்கியதற்கு மறுநாளின் தேதி, 1917 ஆகஸ்டு 1. திருத்தந்தை 15-ஆம் பெனடிக்ட் போரிடும் நாடுகளின் தலைவர்களுக்கு விடுத்த சமாதான மடல் அத்தேதியையே தாங்கியுள்ளது. அப்போரைப் பயனற்ற படுகொலை என அவர் அதில் குறிப்பிட்டார். படைக்கலன்களைக் குறைக்கவும், சிக்கல்களை நடுவர் முன் தீர்த்துக்கொள்ளவும் வேண்டினார். எவரும் செவிசாய்க்கவில்லை. அவர் எதிர்த்தரப்பிற்கே சார்பானவர் என்று ஒவ்வொரு தரப்பிலும் முணுமுணுத்தனர். 'நாங்கள்' என்பதன் ஆட்சி நடக்கும்போது, 'நாம்' என்று பேசுபவர் இருவருக்கும் பகைவராகிறார்.

அன்று பிரஷ்யப் படைவீரரின் இடைக்கச்சைக் கொக்கியில் 'கடவுள் நம்மோடு' எனப் பொருள்படும் சொற்கள் பொறிக்கப்பட்டிருந்தன. எதிர்ப்புறத்திலும் குருக்கள் படையினருக்கு ஆசி வழங்கினர். ஒரே அப்பமே இரு புறமும் பிட்கப்பட்டது. அக்கொக்கியின் சொற்களைத் தமிழில் எழுதும்போது 'நம்மோடு' என்று எழுதினோம். ஆயினும் அதை அணிந்து போரிட்டவர் மனத்தில் அது 'எங்களோடு' என்றே பொருள்பட்டிருக்கும். நம் திருவிவிலிய மொழிபெயர்ப்பாளர்கள் 'இம்மானுவேல்' என்னும் பெயருக்குப் பொருள் எழுதியபோது, 'எங்களுடன்' என்று எழுதாமல் 'நம்முடன்' என்றே எழுதினார்கள். அந்த ஒரு சொல்லுக்காக அவர்களுக்கு நன்றி கூறலாம். கடவுள் தங்கும் இடம் 'நாம்' என்னும் வீடு. அதற்கு வெளிப்புறம் இல்லை.

அவ்வாறாயின் ஆண்டவர் கற்பித்த செபத்தில் 'எங்கள் தந்தையே' என்று ஏன் சொல்கிறோம் என்று வாசகர் கேட்கலாம். தமிழ் இலக்கணம் அங்கே பிழைபடவில்லை. அச்செபத்தில் கேட்பவர் கடவுள். 'எங்கள்' என்பது அவரை மட்டுமே விலக்கி, மண்ணில் வாழும் அனைவரையும் உட்கொள்கிறது. இறைவன் முன்னிலையில் மட்டுமே 'நாங்கள்' என்பது தூய சொல். மனிதரை நோக்கிச் சொல்லும்போது அது மெல்லச் சுவராகிறது. கல்லறைத் தோட்டத்தின் நடுவே இறந்தவர்களைப் பிரித்து எழுப்பப்பட்ட சுவர்களை நம் மண்ணிலும் கண்டிருக்கிறோம். அச்சுவர்களின் முதற்கல் இச்சொல்தான்.

நாஷ், 1919-ஆம் ஆண்டில் 'மெனின் சாலை' என்னும் பெரிய ஓவியத்தை முடித்தார். ஏறத்தாழ மூன்று மீட்டர் அகலமுள்ள அதில், சிதைந்த நிலத்தினிடையே வழி தேடும் சிற்றுருவங்களாகச் சில வீரர்கள் தென்படுகிறார்கள். 1946-ஆம் ஆண்டு ஜூலை 11-ஆம் நாள் அவர் காலமானார். இடையே இன்னொரு உலகப் போரையும் அவர் தீட்ட வேண்டியிருந்தது. ஈப்பர் நகரின் மெனின் வாயிலில், உடலும் கிட்டாத 54,000-க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன; இந்தியப் படையினரின் பெயர்களும் அவற்றுள் உண்டு. சுற்றியுள்ள நிலம் மீண்டும் பசுமையாகிவிட்டது, காடுகள் வளர்ந்துள்ளன, வயல்கள் விளைகின்றன. எனினும் அங்கே உழுகின்ற உழவரின் கொழுமுனையில் வெடிக்காத குண்டுகள் இன்றும் தட்டுப்படுகின்றன. அவற்றைச் சேகரித்துச் செயலிழக்கச் செய்வது பெல்ஜியப் படைப்பிரிவு ஒன்றின் அன்றாடப் பணி. 1917-இல் 'உருவாக்கிய' உலகம் மண்ணுக்கடியில் இன்னும் முடியவில்லை.

திருவெளிப்பாட்டு நூலின் இறுதியில், அரியணையில் வீற்றிருப்பவர் அனைத்தையும் தாம் புதியதாக்குவதாகக் கூறுகிறார். அவர் ஒருமையில் பேசுகிறார். அங்கே கண்ணீர் துடைக்கப்படுகிறது. நாஷின் ஓவியத்தில் கண்ணீர் விடவும் எவரும் எஞ்சவில்லை. இவ்விரு புதுமைகளுள் எதற்கு நம் கைகள் துணைபோகின்றன என்பதே நம் முன் உள்ள வினா. ஓவியர் கதிரவனைத் தீட்டிவிட்டு, எழுவாயை நம்மிடம் விட்டுச் சென்றார்.

இக்கட்டுரை முழுவதும் 'நாம்' என்றே எழுதினோம். அது எழுத்துலக மரபு; ஆயினும் இவ்விடத்தில் மரபுக்காக மட்டும் எழுதவில்லை. குடும்பத்திலும் தெருவிலும் திருவிழாக் கூட்டத்திலும் 'நாங்கள்' என்று சொல்ல வாயெடுக்கையில், யாரை வெளியே நிறுத்துகிறோம் என ஒரு கணம் எண்ணிப் பார்ப்போம். தவக்காலத்திற்கு அதைவிட எளிய ஒறுத்தல் இல்லை, கடினமானதும் இல்லை.